சம்பளச் சீட்டில் இரண்டு பிடித்தங்கள்: ஊரடங்கில் இ.எஸ்.ஐ.யும் வருங்கால வைப்பு நிதியும்

மாதச் சம்பளம் வாங்குகிற நம்மவர்களில் பலர் சம்பளச் சீட்டின் கடைசி வரியைத்தான் பார்ப்பது வழக்கம். கைக்கு எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. இடையில் வருகிற இ.எஸ்.ஐ., பி.எஃப். என்ற இரண்டு வரிகளையும் 'பிடித்தம்' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவோம். "பிடிக்கிறாங்க, என்ன பண்றது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, தொழிற்கூடங்கள் பூட்டப்பட்டபோது, அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட வேண்டிய நிலை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வந்தது. தேடியவர்களில் சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. பிற மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஜெர்மனி போன்ற நாடுகளில் வேலையின்மைக் காப்பீடு என்பது பழைய ஏற்பாடு. வேலை குறைந்தால் ஆட்களை நீக்காமல், இழந்த நிகர ஊதியத்தில் 60 விழுக்காட்டை (குழந்தைகள் உள்ளோர்க்கு 67 விழுக்காட்டை) அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் ஈடுசெய்யும். கொரோனா காலத்தில் அந்த விகிதத்தை மாதம் செல்லச் செல்ல உயர்த்தினார்கள். தொழிலாளியின் பெயர் கம்பெனிப் பதிவேட்டிலேயே இருக்கும், முதலாளியும் ஆளை இழக்க மாட்டார். நம் நாட்டில் இப்படி ஓர் ஏற்பாடு அன்று இல்லை. இருந்தவை, வேறு நோக்கங்களுக்காக உண்டான இரண்டு பழைய நிறுவனங்கள்தாம்.

காப்பீட்டில் விடுபட்ட ஒன்று

தொழிலாளர் அரசு காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ., பி.பி. அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையிலிருந்து பிறந்தது. 1948-இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நோய், மகப்பேறு, வேலையில் விபத்து, அதனால் மரணம் இவற்றுக்கெல்லாம் அதில் இடம் இருந்தது. வேலை போனால் என்ன என்பதற்கு மட்டும் இடமில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 2005 ஏப்ரலில் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ படி கிடைக்கும். ஆனால் ஆலை மூடல் என்பதைச் சட்டப்படி நிரூபிக்க வேண்டும். நம் ஊர் முதலாளி எந்தக் காலத்தில் சட்டப்படி மூடியிருக்கிறார்? ஒருநாள் காலையில் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். எனவே பயன் பெற்றோர் குறைவு. பிறகு 2018 ஜூலை முதல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் சோதனை முறையில் கொண்டுவரப்பட்டது. வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை என்பது அதன் சாரம். கொரோனா வந்தபோது இந்த வேலையின்மைக் காப்பீடு கைவசம் இருந்தது.

முதலாளியே சம்பளம் தரட்டும் என்ற ஆணை

ஊரடங்கின் முதல் வாரத்தில் அரசு தேர்ந்தெடுத்த வழி காப்பீடு அன்று, ஆணை. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், மூடிக் கிடக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றி முழுச் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. படிக்க நன்றாக இருந்தது. பத்துப் பேரை வைத்து ஒரு பட்டறை நடத்துகிறவர் வரவே இல்லாமல் எங்கிருந்து தருவார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். மே 18 முதல் அந்த ஆணை விலக்கிக் கொள்ளப்பட்டது. இடைப்பட்ட ஐம்பது நாள் சம்பளத்தை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு அளித்தது. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தொழிலாளி அதற்குள் ரயிலேறியோ நடந்தோ ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்.

பாதிச் சம்பளம், தொண்ணூறு நாள்

இ.எஸ்.ஐ. கழகம் 2020 ஆகஸ்ட் 20 அன்று கூடி, மேற்சொன்ன அடல் திட்டத்தைத் தளர்த்தியது. ஊரடங்கு தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதங்களுக்குப் பிறகு! தாமதத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் தளர்வுகள் பொருளுள்ளவை.

ஒன்று, உதவி 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. 2020 மார்ச் 24 முதல் அந்த ஆண்டு டிசம்பர் இறுதிக்குள் வேலையிழந்தவர்களுக்கு என்று முதலில் சொல்லப்பட்டது; பின்னர் தவணை தவணையாக நீட்டித்தார்கள். நாள் ஊதியம் 500 ரூபாய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் நாளொன்றுக்கு 125 வீதம் 90 நாளுக்கு 11,250 ரூபாய். புதிய கணக்கில் 22,500 ரூபாய். மூன்று மாத வாடகையும் அரிசியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, வேலையிழந்து 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்றிருந்தது 30 நாளாயிற்று. மூன்று, முதலாளி வழியாக அனுப்ப வேண்டிய மனுவைத் தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றாயிற்று. மூன்றிலும் இதுவே பெரியது என்பது என் கருத்து. வேலையை விட்டு அனுப்பிய அதே ஆளிடம் போய் 'நீங்கள் அனுப்பிவிட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது எவ்வளவு சங்கடம்! 20 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்ற விதியையும் அந்த ஆண்டு நவம்பரில் கைவிட்டு, ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றினால் போதும் என்றார்கள்.

தகுதி விதி கொஞ்சம் சிக்கலானது. இ.எஸ்.ஐ.யில் ஆண்டை இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முன்பு, வேலையிழப்புக்கு முந்தைய நான்கு சந்தாக் காலங்களிலும் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். தளர்த்தியபின், இரண்டு ஆண்டு வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது நின்றது. கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாளும் இருந்தால் போதும் என்றாயிற்று. அடிக்கடி கம்பெனி மாறுகிறவர்கள் பலர் இதனால் உள்ளே வந்தார்கள்.

இந்த 78 நாள் கணக்கு இன்னோர் இடத்திலும் வம்பு செய்யப் பார்த்தது. 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய சந்தாவைக் கொண்டுதான் 2021 ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்கால ஊதியம் முடிவாகும். அந்த ஆறு மாதத்தில் பாதி நாள் ஆலையே திறக்கவில்லை. எப்படி 78 நாள் சேரும்? சேராவிட்டால், இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களில் நோயில் விழுந்தவருக்கு 70 விழுக்காட்டு நோய்க்கால ஊதியம் கிடையாது. நல்லவேளையாக 2021 பிப்ரவரியிலேயே இதைக் கவனித்து 78-ஐ 39 நாளாகக் குறைத்தார்கள். மகப்பேற்று உதவிக்கும் 70 நாள் 35 ஆனது.

ஏன் பலருக்குக் கிடைக்கவில்லை

திட்டம் நன்றாக இருந்தும், வேலையிழந்த பலரின் கைக்கு அது வரவில்லை. அன்றைய விதிப்படி மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் இ.எஸ்.ஐ.; பெரும்பாலான மாநிலங்களில் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாகவும் இருக்க வேண்டும். இட்லி வண்டி வைத்திருப்பவர், நாலு தையல் மெஷின் போட்டிருப்பவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் என்று நம்மவர்களில் பெரும்பகுதி முதல் வரியிலேயே வெளியே நின்றார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு அமைப்புசாராத் தொழிலாளரைக் கணக்கில் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது பெயர்ப் பதிவு. வேலை போனால் பணம் தருகிற காப்பீடு அன்று.

உள்ளே இருந்தவர்களிலும் பலர் நழுவினார்கள். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதடைந்தவர், விருப்ப ஓய்வில் சென்றவர் இவர்களுக்கு அடல் திட்டம் கிடையாது. வேலையை விட்டு அனுப்பும்போது 'ஒரு கையெழுத்துப் போடுப்பா, கணக்கு முடிக்கணும்' என்று நீட்டுகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது? தானாக விரும்பி விலகுகிறேன் என்றிருந்தால் பிறகு வாதாடுவது கடினம். இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ இருக்கும் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு கூட்டம், காண்டிராக்டரிடம் வேலை செய்தவர்கள். சம்பளத்தில் பிடித்தம் இருக்கும், இ.எஸ்.ஐ. கணக்கில் வரவு இருக்காது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: முதலாளி சந்தா கட்டத் தவறியதால் தொழிலாளி உரிமை இழந்தால், கழகம் உதவியை அளித்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிடித்ததைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே விளக்கம் இருந்தது. ஏட்டில் எல்லாம் இருந்தது. அதைக் கேட்பதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். கையில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கும் இடத்தில் சீட்டுக்கு எங்கே போவது?

முதலாளிக்கு என்ன கிடைத்தது

வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளி 12, முதலாளி 12 என்று மொத்தம் 24 விழுக்காடு செலுத்துவது பொது விதி. 2020 மார்ச் 26 அன்று அறிவித்த பிரதமர் கரீப் கல்யாண் தொகுப்பில், இந்த 24-ஐயும் மத்திய அரசே கட்டும் என்று சொன்னார்கள். மார்ச் முதல் மே வரை மூன்று மாத ஊதியத்துக்கு என்பது பிறகு ஆகஸ்டு வரை ஆறு மாதமாயிற்று. 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மாதம் 2,880 ரூபாய். ஆறு மாதத்தில் 17,280. இதில் பாதி தொழிலாளிக்கு மிச்சம், பாதி முதலாளிக்கு மிச்சம். ஏறத்தாழ 2.63 லட்சம் நிறுவனங்களில் 38.82 லட்சம் தொழிலாளர் கணக்குகளில் 2,567 கோடி ரூபாய் வரவு வைக்கப்பட்டது.

பெரிய எண்தான். நிபந்தனையைப் பார்த்தால்தான் உள்விவரம் தெரியும். நிறுவனத்தில் 100 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அவர்களில் 90 விழுக்காட்டினர் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்க வேண்டும். இருபது பேர் உள்ள ஒரு பட்டறையில் இரண்டு மேஸ்திரிகள் மட்டும் 16,000 வாங்கினால் மீதிப் பதினெட்டுப் பேருக்கும் உதவி உண்டு. மூன்றாவதாக ஒரு மேஸ்திரிக்கும் அந்தச் சம்பளம் என்றால் பதினேழு பேருக்கும் ஒரு பைசா இல்லை. பெருநகரங்களில் வாடகைக்கு ஏற்பச் சம்பளம் கொஞ்சம் கூடுதல். அதனாலேயே வெளியே தள்ளப்பட்ட பட்டறைகள் உண்டு. அதோடு, ஊதியத்தைக் கொடுத்துவிட்டதாக முதலாளி கணக்குத் தாக்கல் செய்தால்தான் அரசின் பங்கு வரும். சம்பளமே தர முடியாமல் மூடிக் கிடந்தவருக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. கீழே விழாமல் நின்றவனுக்குத்தான் கைத்தடி கிடைத்தது.

இத்தொகுப்பில் சேராத நிறுவனங்களுக்கு 2020 மே, ஜூன், ஜூலை மாதங்களில் பங்கை 12-இலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தார்கள். கையில் வரும் சம்பளம் கூடியது என்று பலர் மகிழ்ந்தார்கள். கூடியது நம் சேமிப்பிலிருந்து வந்ததுதானே! முதலாளி குறைத்துக்கொண்ட 2 விழுக்காடோ, மொத்தச் செலவுக் கணக்கில் சம்பளம் பேசியவர்களுக்குத் திரும்பி வந்தது, மற்றவர்களுக்கு முதலாளியிடமே தங்கியது.

அடுத்தது ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டம். இது ஆளை வைத்துக்கொள்வதற்கு அல்லாமல், புதிதாகச் சேர்ப்பதற்கான ஊக்கம். 2020 அக்டோபர் 1 முதல் 15,000 ரூபாய்க்குள் சம்பளத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வைப்பு நிதியை அரசு கட்டியது. ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 24 விழுக்காடும், அதற்கு மேல் என்றால் தொழிலாளி பங்கான 12 மட்டும். ஊரடங்கில் வேலையிழந்து மறுபடி சேர்ந்தவர்களும் இதில் அடங்குவார்கள். சேர்க்கைக்கான கடைசி நாள் 2022 மார்ச் 31. சுமார் 60 லட்சம் பேர் பயனடைந்தார்கள்.

நம் பணம் நமக்கே

கொரோனாக் காலத்தில் அதிகம் பேர் உணர்ந்த உதவி எது என்று கேட்டால், 'பி.எஃப். பணம் எடுத்தோம் சார்' என்பார்கள். 2020 மார்ச் 28 அன்று விதியைத் திருத்தி, மூன்று மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணமாக எடுக்கலாம் என்றார்கள். மாதம் 12,000 ரூபாய் ஊதியமும் 40,000 இருப்பும் உள்ளவர் 36,000-க்கும் 30,000-க்கும் ஒப்பிட்டு 30,000 எடுக்கலாம். 2021 மே இறுதியில் இரண்டாம் முறையும் அனுமதித்தார்கள். 2024 ஜூனில் இந்த வசதி நிறுத்தப்பட்டது.

விரைவாகக் கிடைத்தது, அவசரத்துக்கு உதவியது. மறுப்பதற்கில்லை. ஆனால் அரசு கொடுத்த உதவிப் பட்டியலில் இதைச் சேர்ப்பது பொருந்தாது. முதுமைக்கு வைத்திருந்த நெல்லை விதைப்புக்கு முன்னே குத்திச் சாப்பிட்ட கதைதான். சிறு கணக்கில் இரண்டு முறை எடுத்தவருக்கு மிஞ்சியது சொற்பம்.

இறந்தவர் குடும்பங்களுக்கு

இ.எஸ்.ஐ. கழகம் 2021-இல் கொண்டுவந்த கோவிட் நிவாரணத் திட்டம், கொரோனாவால் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காட்டை மாதாமாதம் வழங்கியது. குறைந்தபட்சம் மாதம் 1,800 ரூபாய். 2020 மார்ச் 24 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அது பொருந்தியது. நோய் கண்டறிவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும் என்பதும், முந்தைய ஓராண்டில் இத்தனை நாள் சந்தா வேண்டும் என்பதும் நிபந்தனைகள். நாள் ஊதியம் 500 ரூபாய் என்றால் முப்பது நாள் மாதத்துக்கு 13,500. மனைவி, 25 வயது வரை மகன், மணமாகாத மகள் என்று பங்கு பிரியும். ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் துணைவருக்கு மருத்துவ வசதியும் உண்டு.

இதைவிட அதிகம் பேருக்குத் தெரியாதது, வைப்பு நிதியோடு ஒட்டிய ஆயுள் காப்பீடு. 1976 முதல் இருக்கிறது. தொழிலாளியிடம் இதற்காக ஒரு காசும் பிடிப்பதில்லை, முதலாளிதான் அரை விழுக்காடு கட்டுகிறார். பிடித்தம் இல்லாததால் சீட்டிலும் தெரிவதில்லை. அதனாலேயே மறந்து போகிறது! 2021 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 6 லட்சத்திலிருந்து 7 லட்சமாயிற்று. சராசரி மாத ஊதியத்தின் (15,000 வரை) 35 மடங்கும், வைப்பு நிதியின் சராசரி இருப்பில் பாதியும் சேர்ந்தது தொகை. 12,000 சம்பளமும் 80,000 இருப்பும் என்றால் 4,20,000-மும் 40,000-மும் சேர்த்து 4,60,000 ரூபாய். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் இடையில் கம்பெனி மாறியிருந்தாலும் குறைந்தபட்சம் இரண்டரை லட்சம் என்பதும் அப்போது உறுதியானது. நோயினால்தான் இறக்க வேண்டும் என்றில்லை, பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் உண்டு. படிவத்தின் பெயர் '5 ஐ.எஃப்.'

இதில் ஒரு முடிச்சு. குடும்பம் ஆகாத வயதில் அம்மாவையோ அண்ணனையோ வாரிசாக எழுதியிருப்போம். வைப்பு நிதி விதிப்படி கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாததாகிவிடும். புதிதாக எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இனிஷியல் படுத்தும் பாடு

நமக்கென்றே உள்ள ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். முருகேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுடலைமுத்து. பள்ளிச் சான்றிதழில் சு. முருகேசன். ஆதாரில் முருகேசன் சு. வேலைக்குச் சேர்ந்த ஊரில் 'சர்நேம் என்ன?' என்று கேட்ட மேனேஜர், வைப்பு நிதிக் கணக்கில் முருகேசன் சுடலைமுத்து என்று பதிந்தார். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஊரடங்கில் முன்பணம் கேட்டு விண்ணப்பித்தவர்களில் இப்படிப் பெயர் பொருந்தாமல் திருப்பியனுப்பப்பட்டோர் உண்டு. திருத்துவதற்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு மனு அப்போது வேண்டியிருந்தது. பட்டறையே மூடிவிட்டால் அந்தக் கையெழுத்து யார் போடுவார்? பிறந்த தேதி விஷயத்தில் மட்டும் 2020 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது: மூன்று ஆண்டுக்குள் வித்தியாசம் இருந்தால் ஆதாரையே சான்றாக ஏற்கலாம் என்றார்கள்.

வேலையில் இருக்கும்போதே, முதலாளி முகம் கொடுத்துப் பேசும்போதே, பெயரைச் சரிபார்த்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. பொது எண்ணான யு.ஏ.என். 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. கம்பெனி மாறினாலும் அதே எண்தான். புது இடத்தில் பழைய எண்ணைச் சொல்லாமல் புதிதாக ஒன்று வாங்கினால், பணம் இரண்டு இடத்தில் கிடக்கும், ஆண்டுக் கணக்கும் உடைந்து போகும். இ.எஸ்.ஐ. எண்ணும் அப்படியே, மாநிலம் மாறினாலும் மாறாது. குடும்பம் திருநெல்வேலியிலும் தான் சூரத்திலும் இருக்கிறவர், ஊரில் உள்ள குடும்பத்துக்குத் தனி அட்டை கேட்டு வாங்கி, அங்கேயே அருகிலுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சேர்த்துவிடலாம். ஊரில் அம்மாவுக்கு நோய் என்று தந்தி மாதிரி போன் வரும் நாளில் அட்டையைத் தேட வேண்டியிருக்காது.

2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன பழைய சட்டங்களின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. பிரிவு எண்கள் மாறும், படிவங்களும் மாறலாம். கிளை அலுவலகத்துக்குப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், யு.ஏ.என். இவ்வளவும் கையில் இருக்கட்டும். மொழி தெரியாதவர் துணைக்குச் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாம்.